‘வேணும்’ என்ற ஒரு சொல்லும் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளமும்

“அக்கா, இந்தச் சீட்டைக் கொஞ்சம் பாருங்களேன்.”

வகுப்பு முடிந்து மற்றவர்கள் டீ குடிக்க இறங்கிப் போயிருந்தார்கள். அறந்தாங்கித் தம்பி மட்டும் நின்று சம்பளச் சீட்டை நீட்டினார். 2018-இல் நடந்தது இது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு கடைவீட்டு மாடியில் ஞாயிறுதோறும் மதியம் 2 மணிக்கு எங்கள் ஆங்கில வகுப்பு. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிமார்கள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, அறந்தாங்கிப் பக்கத்துக்காரர்கள். தீவின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்லித் தருகிறோம் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. அந்தப் பயம் நியாயம்தான் என்று அந்தச் சீட்டு காட்டியது.

“போன மாசம் ரெண்டு சண்டே வேலைக்குப் போனேன்க்கா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் சம்பளம்தான் போட்டிருக்காங்க. கூட வந்த பங்களாதேஷ்காரருக்கு டபுள். ஏன்னு புரியல.”

வேலைக்கு வரச் சொன்னது யார் என்று கேட்டேன். சூப்பர்வைசர்தான் என்றார். ஆபீசில் என்ன கேட்டார்கள் என்றேன். “பேப்பரை வச்சுக்கிட்டு, ‘சண்டே யூ வான்ட் வொர்க்?’னு கேட்டாங்க. ‘யெஸ், ஐ வான்ட் வொர்க்’னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.”

“தமிழ்ல என்ன நெனச்சு அதைச் சொன்னீங்க?”

“வேலை செய்யணும்னுதான். சூப்பர்வைசர் சொல்லிட்டாருன்னா போய்த்தானேக்கா ஆகணும்?”

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தில் ஓய்வு நாள் வேலைக்கு இரண்டு கணக்கு உண்டு. முதலாளி கேட்டு, வழக்கமான ஒரு நாள் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் உழைத்தால் 2 நாள் சம்பளம். தொழிலாளியே விரும்பிக் கேட்டு வந்து அதே நேரம் உழைத்தால் 1 நாள் சம்பளம். யார் விருப்பம், யார் கட்டளை என்பதை வைத்துத்தான் பணம். இவருக்கு நாளுக்கு 22 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். இரண்டு ஞாயிறுக்கு 88 வந்திருக்க வேண்டிய இடத்தில் 44 வந்திருந்தது. அந்தப் பங்களாதேஷ்காரர் அதே கேள்விக்கு, “பாஸ் கால், ஐ கம்” என்று சொன்னாராம். இலக்கணம் எதுவும் இல்லை. ஆனால் அழைத்தது யார் என்பது அதில் சரியாக விழுந்திருக்கிறது.

மூன்று வாரம் முன்புதான் வெள்ளைப் பலகையில் நான் எழுதிப் போட்டிருந்தேன்: வேண்டும் என்றால் ‘வான்ட்’. அவர் நோட்டிலும் அப்படியே இருந்தது, அடிக்கோடு போட்டு.

மனிதவள அமைச்சில் கேட்டுப் பார்க்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். “வேணாம்க்கா, கையெழுத்து என்னோடது” என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து, நாம் ஒரு நாளில் எத்தனை விதமாக ‘வேணும்’ சொல்கிறோம் என்று எழுதத் தொடங்கினேன்.

தண்ணி வேணும். ஊருக்குப் போகணும் போல இருக்கு. நாளைக்கு 6 மணிக்கு லாரி ஏறணும். ஹெல்மெட் போடணும். உடம்பைப் பார்த்துக்கணும். ஆசை, தேவை, கட்டளை, விதி, அறிவுரை எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே வால்தான். கோயிலில் நாம் வைக்கும் வேண்டுதலும் இந்தச் சொல்லிலிருந்துதான் வருகிறது. நமக்குள் பேசும்போது இதனால் குழப்பம் வராது. சொல்கிறவரின் முகமும் குரலும் இடமும் எது ஆசை, எது கட்டாயம் என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் ‘வான்ட் டு’, ‘ஹேவ் டு’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘நீட் டு’ என்று அது ஐந்தாகப் பிரிகிறது. புதிதாகப் படிக்கிறவர் முதலில் கேட்டதைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் போடுவார். நான் முதலில் கொடுத்தது ‘வான்ட்’.

எதிர்மறைக்கு வரும்போது இன்னும் ஆபத்து. ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒருநாள் தளத்தில் எடுத்த அறிவிப்புப் பலகைப் படம் ஒன்றைக் காட்டினேன். ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் ஆள் ஏறிச் செல்லக் கூடாது என்பது செய்தி, ‘மஸ்ட் நாட்’ என்று எழுதியிருந்தது. பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர் எழுந்து நின்று படித்தார்: “ஃபோர்க்லிஃப்ட்ல ஏறிப் போகணும்னு கட்டாயமில்ல.” யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் தர்க்கப் பிழையும் இல்லை. மஸ்ட் கட்டாயம் என்றால், நாட் சேர்த்தால் கட்டாயமில்லை என்றுதானே வர வேண்டும்? பிழை நான் சொல்லிக் கொடுத்த முறையில் இருந்தது.

‘டோன்ட் ஹேவ் டு’ இதற்கு நேர்மாறான தொல்லை. எங்களில் மூத்தவர், மன்னார்குடி அண்ணன், காலில் தையல் பிரித்த அன்று டாக்டர் சொன்னது அவர் காதில் இப்படித்தான் விழுந்தது: “டோன்ட்… கம் அகெய்ன்.” திரும்ப வர வேண்டாம். வலி இல்லையென்றால் மறுபடி வரத் தேவையில்லை என்பதுதான் டாக்டர் சொன்னது. கால் வீங்கியும் இரண்டு வாரம் இவர் போகவில்லை. “வர வேணாம்னு சொன்ன எடத்துக்கு எப்படிம்மா போறது?” என்று கேட்டார். தமிழில் ‘வர வேண்டாம்’ என்பது தேவையில்லை என்றும் பொருள் தரும், வராதே என்றும் பொருள் தரும். அந்தப் பழக்கத்தில்தான் அவர் கேட்டார்.

இந்த மூன்றும் சேர்ந்து என்னுடைய பாடத்தின் வரிசையையே புரட்டிப் போட்டன. புத்தகங்களில் ஒரே பக்கத்தில் கட்டம் கட்டி எல்லாத் துணைவினைகளையும் அடுக்கியிருப்பார்கள். தொடக்க நிலை வகுப்பில் அந்தக் கட்டத்தை நான் இப்போது தொடுவதே இல்லை.

அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்கினேன். சிங்கப்பூருக்கு வந்து ஒரு மாதம் ஆன எவருக்கும் நான்கு சொற்கள் தெரிந்திருக்கும்: ‘கேன்’, ‘கேனாட்’, ‘மஸ்ட்’, ‘நோ நீட்’. சாப்பாட்டுக் கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் ‘நோ நீட்’. கதவைத் திறக்கலாமா என்றால் ‘கேன்’. நான் பல மாதம் இதைக் கொச்சை ஆங்கிலம் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். நிதானமாகப் பார்த்தால் கட்டாயம், தடை, அனுமதி, தேவையின்மை நான்கும் அதில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. என் பலகையில் இல்லாத தெளிவு அது. ஆகவே இப்போது ‘டோன்ட் ஹேவ் டு’ என்பதை ‘நோ நீட்’டின் அண்ணன் என்று அறிமுகப்படுத்துகிறேன். “டாக்டர், ஆபீஸ், போலீஸ் இப்படிப் பேசுவாங்க. நீங்க ‘நோ நீட்’னு கேட்ட மாதிரியே எடுத்துக்கங்க.” புரிய ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த உதவி தமிழிலிருந்தே கிடைத்தது. ‘போகணும்’ குழப்பும், ஆனால் ‘போக வேண்டியிருக்கு’ குழப்பாது. அதில் ஆசைக்கு இடமில்லை. இன்னொரு வசதி, அதற்குள்ளேயே ‘இருக்கு’ உட்கார்ந்திருக்கிறது. ‘ஹேவ்’ என்றால் இருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ‘ஐ ஹேவ் டு கோ’ என்றால் போக வேண்டியிருக்கு. ‘ஐ டோன்ட் ஹேவ் டு கோ’ என்றால் போக வேண்டியதில்லை. இரண்டு மொழியும் ஒரே எலும்புக்கூட்டில் நிற்கின்றன. பலகையில் இதை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியபோது, கடைசி வரிசையில் இருந்த ஒருவர் “அட, நம்ம பேச்சுதானேக்கா இது!” என்றார். அன்றிலிருந்து வகுப்பில் ஒரு கட்டுப்பாடு: மொழிபெயர்க்கும்போது வெறும் ‘ணும்’ கூடாது. ஆசையென்றால் ‘ஆசையா இருக்கு’ என்று சொல்ல வேண்டும், கட்டாயமென்றால் ‘வேண்டியிருக்கு’ என்று சொல்ல வேண்டும். ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கும் அதே தடை. ‘கூடாது’ அல்லது ‘தேவையில்லை’, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தமிழில் பிரித்துப் பார்க்கப் பழகியவருக்கு ஆங்கிலத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் “புரிஞ்சுதுக்கா” என்றுதான் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. இதற்கு வழி சொன்னவர் எங்கள் வகுப்பில் இருந்த ஒரு கிரேன் சிக்னல்மேன். இரைச்சலில் வாயால் பேசிப் பயனில்லை, கையால் பேசலாமே என்றார். மூன்று சைகை வைத்தோம். கை முஷ்டியை நெஞ்சில் வைத்தால் கட்டாயம். இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் கூடாது. உள்ளங்கையை விரித்தால் உன் இஷ்டம். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், கண்ணை மூடிக்கொண்டு சைகை காட்ட வேண்டும். ‘யூ டோன்ட் ஹேவ் டு பே’ என்றதும் யார் கையைக் குறுக்கே வைக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, ஆகவே வெட்கமும் இல்லை. பத்து வருடம் வேலை பார்த்து மற்றவர்களால் ‘அண்ணன்’ என்று மதிக்கப்படும் ஒருவர் தம்பிகள் முன்னால் தவறாகப் பதில் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் வரமாட்டார். அப்படி இரண்டு பேரை இழந்திருக்கிறேன்.

காதில் விழும் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ‘கேன்’, ‘கேன்ட்’ இரண்டையும் வேகமாகப் பேசினால் கடைசி ஒலி காற்றில் போய்விடுகிறது. வாக்கி-டாக்கியில் பேசும் இடத்தில் அது உயிர் விஷயம். ‘மஸ்ன்ட்’ என்பதும் அப்படித்தான். இந்தச் சுருக்கங்களைப் பேச நான் சொல்லித் தருவதில்லை, கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும் பழக்குகிறேன். வாயிலிருந்து வருவது முழுதாக வரட்டும்: ‘கேனாட்’, ‘மஸ்ட் நாட்’. இங்கே எல்லோரும் ‘கேனாட்’ என்றுதான் சொல்கிறார்கள், அதில் குறை எதுவும் இல்லை. ‘ஹேவ் டு’ மட்டும் வேறு மாதிரி. எழுத்தில் பார்த்தவர்கள், பேச்சில் அது ‘ஹாஃப்டு’ என்று ஒரே சொல்லாக வரும்போது அடையாளம் கண்டுகொள்வதில்லை. முதல் நாளே இரண்டையும் காதில் போட்டுவிடுவது நல்லது. ‘ஹி ஹேஸ் டு’ என்ற மாற்றத்தை நான் இரண்டு மாதம் கழித்துத்தான் தொடுகிறேன். ‘ஹி ஹேவ் டு’ என்று சொன்னால் யாருக்கும் அடிபடப் போவதில்லை.

‘ஷுட்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் ‘ஷுட்’ என்றால் வேண்டும், ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம் வேண்டும் என்று மனப்பாடம் செய்துதான் பலரும் வந்திருக்கிறார்கள். ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு விடுப்பு கேட்கப் போய், “சார், யூ ஷுட் கிவ் லீவ்” என்றிருக்கிறார். மனதில் பணிவாகத்தான் கேட்டார், “நீங்க லீவு குடுக்கணும் சார்” என்று. மேலாளரின் முகம் மாறிவிட்டது. நம் ‘கொடுக்கணும்’ என்பதில் கெஞ்சல் இருக்கிறது, ‘ஷுட்’டில் அது இல்லை, அங்கே அது கண்டிப்பு. அதனால் கேட்கும் இடத்தில் எல்லாம் ‘லாமா’வைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். போகலாமா, எடுக்கலாமா, பேசலாமா: ‘கேன் ஐ’. இது ஒன்றைச் சரளமாக்கினாலே தளத்தில் பாதி நாள் ஓடிவிடும். ‘போகலாம்’ என்று நாம் கூட்டாகக் கிளம்பச் சொல்வது மட்டும் ‘வி கேன் கோ’ ஆகாது, ‘லெட்ஸ் கோ’ என்று ஒருமுறை காட்டிவிட்டுக் கடந்துவிடலாம்.

எடுத்துக்காட்டுகளை நான் புத்தகத்திலிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டேன். ‘ஐ மஸ்ட் ஃபினிஷ் மை ஹோம்வொர்க்’ என்பதை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களையே காகிதம் கொண்டுவரச் சொன்னேன். விடுதி அறிவிப்பு, மருந்துச் சீட்டு, எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, பணம் அனுப்பும் கடையின் ரசீது. வரி வரியாகப் பிரித்த சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் முதல் இங்கே கட்டாயம் என்பதால் அது எல்லோரிடமும் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி. செய்யலேன்னா என்ன ஆகும்? முடிவு யார் கையில்? ‘சம்பள காலம் முடிந்து 7 நாளுக்குள் கம்பெனி சம்பளம் கொடுக்க வேண்டும்’ என்ற விதியை அப்படித்தான் ஒருநாள் எழுதினோம். ‘கம்பெனி மஸ்ட் பே.’ எழுதிவிட்டு ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். மஸ்ட் என்பது தொழிலாளிக்கு மட்டும்தான் வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னார். அவர் பார்த்த பலகைகள் எல்லாவற்றிலும் மஸ்ட் அவரைப் பார்த்துத்தான் இருந்தது. அதன் பிறகு வேண்டுமென்றே இரண்டு பக்க வாக்கியங்களும் தருகிறேன். ‘ஐ மஸ்ட் வேர் தி ஹார்னஸ்’ என்று எழுதினால், பக்கத்திலேயே ஹார்னஸ் என்னும் பாதுகாப்பு வாரைக் கொடுக்க வேண்டிய முதலாளிக்கும் ஒரு மஸ்ட்.

பாஸ்போர்ட் பேச்சு வந்த ஞாயிறு நினைவிருக்கிறது. விருப்பமில்லாமல் அடுத்தவர் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைப்பது இங்கே சட்டப்படி தவறு. ‘ஐ டோன்ட் ஹேவ் டு கிவ் மை பாஸ்போர்ட்’ என்று பலகையில் எழுதினேன். எல்லோரும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்கள். சைகை சரி. ஆனால் வாயால் சொல்லச் சொன்னபோது அறை அமைதியாகிவிட்டது. ஊரில் வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர், வேலை அனுமதியைக் கையில் வைத்திருப்பவரிடம் ‘டோன்ட் ஹேவ் டு’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்ப முடியுமா? இலக்கணம் தெரிந்த பிறகும் சொல்ல முடியாத வாக்கியம் ஒன்று உண்டு என்பதை நான் அங்கேதான் கற்றேன். அதைக் கணக்கில் எடுக்காமல் பாடம் நடத்துவது அவர்களை ஆபத்தில் தள்ளுவது.

ஆகவே நடித்துப் பார்த்தோம். 11 வருட அனுபவமுள்ள ஒருவரைச் சூப்பர்வைசராக நிற்கச் சொன்னேன். அவர் குரலை உயர்த்திய விதத்தில், அதே சொற்களை அவர் எத்தனை முறை வாங்கியிருப்பார் என்று தெரிந்தது. எதிரே நின்ற சின்னத் தம்பி ஒவ்வொரு வாக்கியமாக முயன்றார். ‘ஐ டோன்ட் ஹேவ் டு’ என்றார். சண்டைக்குப் போவது போல இருந்தது. ‘ஐ டோன்ட் வான்ட்’ என்றார், அதைவிட மோசம். பிறகு மெதுவாக, “பாஸ், டு ஐ ஹேவ் டு?” என்றார், ‘நான் செய்தாகணுமா?’ என்று. சூப்பர்வைசராக நின்றவர் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தினார். கேள்வியாகக் கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பு அவருடையதாகிவிடுகிறது, கேட்டவர் மறுத்ததாகவும் ஆகாது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ‘டு ஐ ஹேவ் டு’ என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வந்துவிடும், ‘ஐ ஹேவ் டு’ படிப்பதற்கும் முன்னால். இலக்கணப் புத்தகங்களில் கேள்வி வடிவம் கடைசியில்தான் வரும். கையில் அதிகாரம் இல்லாதவருக்கு அதுதான் முதலில் தேவைப்படுகிறது. அதோடு ‘டுடே கேனாட், டுமாரோ கேன்’ என்பதையும் சேர்த்துக்கொண்டோம். மறுப்போடு ஒரு மாற்று வழியும் போகும்.

2020 ஏப்ரலில் விடுதிகள் மூடப்பட்டபோது வகுப்பு வாட்ஸாப்புக்கு மாறியது. ஒரு அறையில் 12 பேர், 16 பேர். அறையை விட்டு வெளியே வரக் கூடாது, நாளுக்கு இரண்டு முறை காய்ச்சல் அளவைக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும், வரிசையில் நின்றுதான் சாப்பாடு வாங்க வேண்டும். மஸ்ட், மஸ்ட் நாட் இரண்டுக்கும் தினமும் புது அறிவிப்பு வந்தது. உள்ளங்கை விரிக்கும் வாக்கியத்துக்குத்தான் எடுத்துக்காட்டே கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் நான் ஒவ்வொரு இரவும் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். ‘டுடே யூ கேன் சூஸ்’ என்று தொடங்கி, பாட்டா கதையா, அம்மாவுக்கு முதலில் போனா மனைவிக்கு முதலில் போனா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ‘ஐ வான்ட் டு’ என்று பதில் வர வேண்டும். ‘வான்ட்’ என்ற சொல்லை நான் அந்தத் தம்பியிடம் தவறான இடத்தில் கொடுத்திருந்தேன். அது இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் அதைச் சொல்லிக் கேட்டது அப்போதுதான். “ஐ வான்ட் டு ஸீ மை டாட்டர்” என்று மன்னார்குடி அண்ணன் அனுப்பிய நான்கு வினாடிப் பதிவை இன்னும் அழிக்கவில்லை.

அறந்தாங்கித் தம்பி அதற்குப் பிறகு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். ஞாயிறு வகுப்புக்கு அடிக்கடி வர முடிவதில்லை. போன வருடம் ஒருநாள் வேலை நேரத்தில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒப்பந்தத்தில் ஏதோ மாற்றம், இரண்டு பக்கக் காகிதம், கீழே கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. பின்னாலேயே குரல் பதிவு:

“அக்கா, ஆபீஸ்ல கூப்பிட்டு சைன் பண்ணச் சொன்னாங்க. ‘மேடம், டு ஐ ஹேவ் டு சைன் நவ்? கேன் ஐ டேக் போட்டோ?’ன்னு கேட்டேன். ‘கேன், கேன், டுமாரோ ஓகே’ன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுறேன், ரெண்டாவது பக்கத்துல ஒரு ‘மஸ்ட்’ இருக்கு, அது யாருக்குன்னு சேர்ந்து பார்ப்போம்.”